செயற்பாட்டாளருக்கான ஆய்வுப் பயிற்சி: மட்டக்களப்பில் ஐந்து சனிக்கிழமைகள்

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பிரதேச மட்டக் கூட்டத்தில், எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எழுந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் முக்கால்வாசிப் பெண்கள் கிழமை லோனுக்குள், அதாவது கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடனுக்குள், மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று சொன்னேன். எதிரே இருந்த உத்தியோகத்தர் சினக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பேனையை மூடிக் கொப்பியின்மேல் வைத்துவிட்டு, “முக்கால்வாசி என்று எப்படி எண்ணினீங்க, மிஸ்?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் எண்ணியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு தெரியும், யார் எந்தக் கிழமை யாரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார் என்பதும் தெரியும், ஆனால் எண்ணியிருக்கவில்லை. கூட்டம் அடுத்ததாக வடிகான் விடயத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கேள்வி மனதில் கிடந்ததால்தான், சமூகச் செயற்பாட்டாளர்கள் கல்விசார் ஆய்வுகளைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்துவது பற்றிய பயிற்சியொன்று மட்டக்களப்பு நகரில் நடக்கவிருப்பதாக வட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலைப் பார்த்ததும் பெயர் கொடுத்தேன். ஐந்து சனிக்கிழமைகள், காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்றரை வரை. போட்டோக் கொப்பிக்கும் பகல் சாப்பாட்டுக்குமாக 1,500 ரூபாய். நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதும், ஏறத்தாழ இதேபோன்ற பயிற்சிகளைப் பல நிறுவனங்கள் பல ஊர்களில் நடத்துகின்றன என்பதும் அதற்குக் காரணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம், ஆனால் முதல் நாளை வைத்துப் பயிற்சியை எடைபோட்டுவிடக் கூடாது. அந்த நாளோடு நின்றுகொண்ட நான்கு பேருக்காக இன்றும் வருந்துகிறேன்.

முதல் நாளின் முற்பகல் முழுவதும் புரொஜெக்டரில் ஆங்கில எழுத்துகள் ஓடின. விளக்கம் தமிழில்தான் தரப்பட்டது; ஆனால் சொற்களை மட்டும் தமிழாக்கி, கருத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்ட தமிழ் அது. சான்று, தாக்கம், பங்குதாரர், கொள்கை மாற்றம் என்று பலகை நிறைந்தது. வாவியில் வலை போடுபவரும், நிந்தவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரும், முன்பள்ளி ஆசிரியையும் அந்தச் சொற்களுக்குள் தங்கள் பிரச்சினையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த முதிய மீனவர் ஒருவர் மெல்ல என் பக்கம் திரும்பி, “மனே, இதில நம்மட வாவி எங்க வருது?” என்று கேட்டார். பயிற்சியைத் திட்டமிட்டவர்கள் அடுத்த முறை தொடங்கவேண்டிய இடம் அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

பிற்பகலில் நிலைமை மாறியது. கூகிள் ஸ்கொலரைத் திறந்து, அவரவர் பிரச்சினையை அவரவர் கைப்பேசியிலேயே தேடச் சொன்னார்கள். பொதுவான கூகிளில் தேடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எங்களுக்கு யாரும் முன்னர் சொன்னதில்லை: இங்கே வருபவை பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், மாநாட்டுத் தாள்கள், ஒவ்வொன்றின் கீழும் அதை எத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்ற எண், அந்த எண்ணைத் தொட்டால் பின்னால் வந்த ஆய்வுகளின் பட்டியல். “நுண்கடன்” என்று தமிழில் தேடியபோது வந்தவை சொற்பம். மைக்ரோபினான்ஸ், மட்டக்களப்பு என்ற இரு சொற்களையும் ஆங்கிலத்தில் தட்டியபோது திரை நிறைந்தது. நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி நாம் வாசிக்காத மொழியில் இருக்கிறது என்பதை நானே கைப்பேசியில் கண்டுகொண்ட அந்தக் கணம் சற்றுக் கசப்பானதுதான். கட்டணம் கேட்கும் கட்டுரைகளுக்கு அன்பேவோல் என்ற சிறு மென்பொருளைக் காட்டினார்கள். உலாவியில் ஒருமுறை சேர்த்துவிட்டால், அந்தக் கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்கிறது. இலங்கைச் சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் உண்டு. அங்கே பெரும்பாலானவற்றை அப்படியே வாசிக்கலாம். எதுவும் கைகொடுக்காதபோது, கட்டுரையின் முதற் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் ஆய்வாளர்கள் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள் என்று சொன்னார்கள். நான் அனுப்பிய இரண்டில் ஒன்றுக்கு மறுநாளே பதில் வந்தது. நூலகம் என்ற தமிழ் எண்ணிம நூலகத்தையும் காட்டியது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி, ஏனெனில் கிழக்கின் பழைய விழா மலர்களும் பிரதேச இதழ்களும் அங்கே கிடைக்கின்றன. ஓர் ஊரின் குளம் எப்போது எந்தப் பெயரில் இருந்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி சிலவேளைகளில் கிடைப்பதில்லை.

இரண்டாம் சனிக்கிழமை, கட்டுரையை எப்படி வாசிப்பது என்பது. முதலில் ஆய்வுச் சுருக்கம், பிறகு நேரே ஆய்வு முறை, அதன் பிறகு ஆய்வின் வரையறைகள் என்ற பகுதி, கடைசியாகத்தான் முடிவுரை என்ற வரிசையை வகுப்பை நடத்திய விரிவுரையாளர் வற்புறுத்தினார். முடிவுரையை முதலில் வாசிப்பவர் தனக்குப் பிடித்த வாக்கியத்தைக் கோடிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது அவர் கருத்து. வரையறைகள் என்ற பகுதி ஆய்வாளர் தம் பலவீனத்தைத் தாமே எழுதிவைக்கும் இடம்; நாம் அதை வாசிக்காமல் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போனால், மறுதரப்பு வாசித்துவிட்டு வந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் பேனையை மூடிய அந்த உத்தியோகத்தர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார்.

இதற்கு அவர் எடுத்துக்காட்டிய உதாரணம், அம்பாறையிலிருந்து வந்திருந்த விவசாயிகளைச் சற்று அசைத்துவிட்டது. வடமத்திய மாகாணத்தில் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் பரவியபோது, கடின நீரும் கிளைபோசேட் என்ற களைநாசினியும் சில உலோகங்களும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றனவா என்று கேட்டு 2014ஆம் ஆண்டு இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது ஒரு கருதுகோள். அந்தக் கட்டுரையின் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது. ஆனால் மேடைகளுக்கும் பதாகைகளுக்கும் வந்து சேர்வதற்குள் கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. நோய்க்கான காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் களைநாசினி தெளிப்பதை எண்ணெய் அடிப்பது என்றுதான் சொல்வோம், எண்ணெய் அடிப்பவரின் உடல் பாதிக்கப்படுகிறது என்று தன் கண்ணால் கண்டதைச் சொல்ல வந்த ஒரு விவசாயி, “அப்ப நாங்க சொன்னது பொய்யா, சேர்?” என்று கேட்டார். பொய் என்று யாரும் சொல்லவில்லை, சந்தேகப்பட நியாயம் இருந்தது, ஆனால் சந்தேகத்தை நிரூபணம் என்று சொன்னதால் தடை ஆடியபோது கோரிக்கையும் சேர்ந்து ஆடியது என்று விரிவுரையாளர் பதில் சொன்னார். பாதுகாப்பு உடை, தெளிப்பான்களின் தரம், சுத்தமான குடிநீர் ஆகிய கோரிக்கைகளுக்கு அந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது; அவை தனியாக நின்றிருக்கும். இந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே அந்த 1,500 ரூபாயைக் கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைக்கு விதிக்கப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட தடையையும் அவர் தொட்டுக் காட்டியிருக்கலாம். வயலில் அதன் விளைவைத் தாங்கியவர்கள் எதிரிலேயே இருந்தும் ஏனோ அதைத் தவிர்த்துவிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதவேண்டும். அன்று ஆளுக்கொரு கணக்கோ பதிவோ கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் ஊர்ப் பெண்ணொருவரின் அனுமதியோடு அவருடைய பழைய லோன் புத்தகத்தைக் கொண்டுபோனேன்: நீல மட்டை, மூலைகள் மடங்கியவை, நடுவில் தேநீர்க் கறை, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு குறுங்கையெழுத்து. 2019இல் எடுத்த 50,000 ரூபாய்; 52 கிழமைகளுக்குக் கிழமைக்கு 1,200 ரூபாய் வீதம் கட்டவேண்டும். வசூலிக்க வந்த தம்பி, வட்டி வருடத்துக்கு 25 வீதம்கூட இல்லை அக்கா என்று அவரிடம் சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்: 1,200ஐ 52ஆல் பெருக்கினால் 62,400, கூடுதலாகக் கட்டியது 12,400, அது 50,000இல் 24.8 வீதம்.

விரிவுரையாளர் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி இருபத்தாறாவது கிழமையின் வரியில் விரலை வைத்தார். இந்தக் கிழமையில் இவர் கையில் கம்பனியின் 50,000 ரூபாய் இருக்கிறதா என்று கேட்டார். எப்படி இருக்கும், பாதிக்கு மேல் திருப்பிக் கட்டியாயிற்று. அப்படியானால் அவர் வட்டி கட்டுவது தன்னிடம் இல்லாத காசுக்கும் சேர்த்துத்தானே என்றார். வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. எக்செலில் ரேட் என்றொரு சூத்திரம் இருக்கிறது. தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, கையில் கிடைத்த காசு ஆகிய மூன்றையும் கொடுத்தால், குறைந்துகொண்டுபோகும் மீதிக்கு ஏற்ற உண்மையான வட்டி கிடைக்கும். கிழமைக்கு ஏறத்தாழ 0.87 வீதம், வருடத்துக்கு 45 வீதத்துக்குச் சற்று மேல், வட்டிக்கு வட்டியும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 57. சூத்திரம் தெரியாதவர்களுக்கு அவர் கைக்கணக்கையும் காட்டினார்: வருடம் முழுவதிலும் அந்தப் பெண்ணிடம் சராசரியாக இருந்த கடன் ஏறத்தாழ 27,000 ரூபாய்தான், 12,400ஐ அதனால் வகுத்துப் பாருங்கள் என்றார். பிறகு, ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 48,000 ரூபாயைக் கையில் கொடுத்திருந்தால் என்னவாகும் என்று அதே சூத்திரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினார். 45 என்பது 54 ஆனது, 57 என்பது 71ஐத் தாண்டியது.

நுண்கடன் பற்றி நாட்டில் நடந்தவை எனக்குப் பொதுவாகத் தெரிந்தவைதான்: 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் அறிவித்த நிவாரணம், அதே ஆண்டு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது, அந்த ஆண்டு இறுதியில் மத்திய வங்கி தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு விதித்தது, 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் நடத்திய சத்தியாக்கிரகம். இவையெல்லாம் பேசுவதற்கு உதவியிருந்தன. 24.8 என்பது வரம்புக்குள் நிற்பதுபோலத் தோன்றி, உண்மையில் வரம்பைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஒரு நீல மட்டைப் புத்தகத்திலிருந்தே காட்டலாம் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. நான் உடனே, இது சட்டவிரோதம் என்று எழுதலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அந்தக் கம்பனி மத்திய வங்கியின் மேற்பார்வையில் இருந்ததா, கடன் வழங்கிய திகதிக்கு அந்த வரம்பு பொருந்துமா என்ற இரண்டையும் சரிபார்க்கும்வரை, “சொல்லப்பட்ட வட்டி 24.8, உண்மையான வட்டி 45க்கு மேல்” என்று மட்டும் எழுதுங்கள், அந்த வாக்கியத்தை யாராலும் அசைக்க முடியாது என்றார். ஆய்வு வந்தால் நம் கோரிக்கை பெரிதாகும் என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். அன்றைக்கு அது சிறிதானது, சிறிதாகி இறுகியது.

ஊருக்குத் திரும்பிப் புத்தகத்தை அதன் சொந்தக்காரியிடம் கொடுத்துக் கணக்கை விளக்கியபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் கணக்குத் தெரியாதவ இல்லகா, கணக்க எனக்குக் காட்டல்ல” என்றார். அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் இரண்டு துண்டாகப் போனது. முற்பகலில் போராட்டங்கள் எப்போது வெல்கின்றன என்பது பற்றிய ஆய்வுகள். 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்ட எரிக்கா செனொவெத், மரியா ஸ்டெபான் என்ற இரு ஆய்வாளர்கள், வன்முறையற்றவற்றில் ஏறத்தாழ 53 வீதமும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 வீதமும் வென்றதாகக் கண்டார்கள். மக்கள்தொகையில் 3.5 வீதத்தினர் தீவிரமாக இறங்கிவிட்டால் எந்த அரசும் தாக்குப்பிடிப்பதில்லை என்று செனொவெத்தின் ஆய்வை ஒட்டிப் பரவிய பேச்சு பலருக்குத் தெரிந்திருந்தது. இளைஞர் கழகத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் உடனே கைப்பேசியை எடுத்து, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகையான 526,567இல் 3.5 வீதத்தைக் கணக்கிட்டு, “பதினெட்டாயிரத்து நானூறு பேர் போதும் சேர்” என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டவை ஆட்சியைக் கவிழ்ப்பது, ஆக்கிரமிப்பை அகற்றுவது, தனியே பிரிந்துபோவது ஆகிய பெரும் இலக்குகளைக் கொண்ட போராட்டங்கள். மேய்ச்சல் தரைக்கும் வடிகானுக்கும் வட்டி வீதத்துக்கும் அந்த எண்ணைப் பொருத்த முடியாது. 3.5 என்பது கடந்த காலத்தைப் பார்த்து வருணித்த எண்ணே தவிர, எதிர்காலத்துக்கான வாக்குறுதி அல்ல என்று செனொவெத்தும் எச்சரித்திருக்கிறார். இந்தப் பகுதியைப் பயிற்சியில் வைத்தது சரி, ஆனால் எங்களுக்குத் தேவையான அளவில் நடந்த போராட்டங்களைப் பற்றி, ஒரு பிரதேச செயலகத்தின் முடிவை மக்கள் எப்படி மாற்றினார்கள் என்பது பற்றி, ஓர் ஆய்வைக்கூட அவர்களால் கொண்டுவர முடியவில்லை. மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் வகுப்பறையிலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருந்தும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிற்பகல் முழுவதும் நிந்தவூர்க்காரருடையது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்குப் பின்னர் தங்கள் பக்கத்துக் கரை அரிக்கப்படுவதாக அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே அலைதடுப்புச் சுவர் நீண்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை தேயும் என்பது கரையோரப் பொறியியலில் பாலபாடம். அந்தச் சகோதரர் ஒரு கொப்பியில், தென்னை ஒன்றிலிருந்து அலை தொடும் இடம்வரை நாடாவால் அளந்த தூரங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். மாதம் தவறினாலும் வருடம் தவறவில்லை. விரிவுரையாளர் அதைப் பாராட்டிவிட்டு உடனே குறையும் கண்டுபிடித்தார். வாடைக்காற்றுக் காலத்தில் கரை எப்படியும் சுருங்கும், கச்சான் வீசும் மாதங்களில் ஓரளவு திரும்பும். ஆகவே மார்கழியை ஆனியோடு ஒப்பிட்டால் எந்த ஊரிலும் அரிப்புத் தெரியும். மார்கழியை மார்கழியோடு ஒப்பிடுங்கள், தென்னை விழுந்துவிடலாம் என்பதால் பள்ளிவாசல் மதிலையோ மின்கம்பத்தையோ இரண்டாவது அடையாளமாக எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள் என்றார். சகோதரர் தன் கொப்பியில் மார்கழி வரிகளை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். ஐந்து வட்டங்கள் வந்தன. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, ஐம்பது வரிகள் ஐந்தாகிவிட்டனவே. ஆனால் அந்த ஐந்தும் ஒரே திசையில்தான் போயின.

மக்களே அளந்து ஆய்வாளரோடு சேர்ந்த கதைக்கு அமெரிக்காவின் பிளின்ற் நகரைக் காட்டினார்கள். 2014இல் நகரத்தின் நீர்மூலம் மாற்றப்பட்டதும் குழாய் நீர் கெட்டுவிட்டது என்று தாய்மார் சொன்னதை அதிகாரிகள் ஏற்கவில்லை, 2015இல் வர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தினர் அனுப்பிய போத்தல்களில், இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் முதல் நீரையும் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு வரும் நீரையும் குடியிருப்பாளர்களே பிடித்துக் கொடுத்தார்கள், ஈயம் தெரியவந்தது, அந்த ஆண்டு ஒக்டோபரில் பழைய நீர்மூலத்துக்குத் திரும்பினார்கள். எல்லோரும் ஒரே முறையில் நீர் பிடித்ததுதான் அங்கே வெற்றிக்கு வழி. நல்ல உதாரணம்தான். ஆனால் கடல் தாண்டி அத்தனை தூரம் போனவர்கள், பக்கத்து நாட்டின் ராஜஸ்தானில் கிராமத் தொழிலாளரும் விவசாயிகளும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் நடத்திய பொது விசாரணைகளை ஏன் மறந்தார்கள் என்று தெரியவில்லை. வேலை செய்தவர்களின் வரவுப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்து, செத்தவர் பெயரிலும் சம்பளம் எடுக்கப்பட்டிருப்பதை ஊரே கண்டுகொண்ட அந்த முறைதான் 2005ஆம் ஆண்டின் இந்தியத் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டது. லோன் புத்தகத்தோடு வந்த எனக்கு பிளின்றைவிட அது நெருக்கமாக இருந்திருக்கும்.

நமது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினார்கள், அது போதும். விண்ணப்பத்தை எழுதிப் பழகினோம், முடிவு அறிவிக்க 14 வேலை நாட்கள் என்பதைக் குறித்துக்கொண்டோம். கேள்வியைக் கருத்தாகக் கேட்காமல் ஆவணமாகக் கேட்கவேண்டும் என்ற ஒரு குறிப்பு மட்டும் புதியது: “ஏன் கவனிக்கவில்லை” என்று கேட்டால் கடிதம் வரும், “இன்ன திகதிக் கூட்ட அறிக்கையின் பிரதி” என்று கேட்டால் பிரதி வரும்.

ஐந்தாம் நாள்தான் முதல் நாளாக இருந்திருக்கவேண்டும். அன்று வந்த ஆசிரியை, மக்களிடமிருந்து எடுக்கும் தகவல் மக்களுடையது என்பதிலிருந்து தொடங்கினார். போருக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் எங்கள் ஊர்களுக்கு எத்தனை கணக்கெடுப்புப் படிவங்கள் வந்தன, அவற்றின் முடிவை யாராவது திரும்பிவந்து சொன்னார்களா என்று அவர் கேட்டபோது எவருமே கை உயர்த்தவில்லை. பெயரை எடுக்காமல் எண் கொடுப்பது, ஒரே ஊரில் “மூன்று பிள்ளைகளின் தாய், தையல்காரி” என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம் என்பது, அனுமதி தந்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்பது, அதற்குக் காரணம் கேட்கக் கூடாது என்பது ஆகியவற்றை அவர் எந்தத் திரையும் இல்லாமல் கதிரையில் அமர்ந்தபடியே சொன்னார். நான் மூன்றாம் நாள் வகுப்பு முழுவதற்கும் காட்டிய அந்த நீலப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் அதன் சொந்தக்காரியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தது அப்போதுதான் உறைத்தது. அனுமதி வாங்கியிருந்தேன், ஆனால் முகப்பை மறைக்கவில்லை. இதை இரண்டு கிழமைகளுக்கு முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

மீதிக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழ் வழங்கும் வைபவம் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது, அந்த நேரத்தில் இன்னும் இரண்டு லோன் புத்தகங்களுக்குக் கணக்குப் பார்த்திருக்கலாம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்க, அவற்றின் நூலகங்களைச் சமூக அமைப்புகள் எந்த நடைமுறையில் அணுகலாம் என்பதற்கு ஒரு பக்கக் குறிப்பாவது தந்திருக்கலாம். சனிக்கிழமை என்பது வேலைக்குப் போகிறவருக்கு வசதி, சிறு பிள்ளை இருப்பவருக்கு இல்லை. வந்த பெண்கள் ஒன்பது பேரில் இருவர் பிள்ளையோடு வந்து, பாதி வகுப்பை வராந்தாவில் நின்றுதான் கேட்டார்கள். மூன்றரைக்கு முடித்தால் படுவான்கரைக்குப் போகிறவர் மண்முனைப் பாலம் கடந்து வீடு சேரும்போது இருட்டிவிடும் என்பதும் நேரத்தை வகுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

பெரிய குறை வேறு. பயிற்சி முடிந்த அடுத்த நாளிலிருந்து நாங்கள் தனியே விடப்பட்டோம். ஆங்கிலக் கட்டுரையொன்றின் நான்கு பக்கங்களைத் தமிழில் விளக்கவோ, எங்கள் கணக்கில் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கவோ, மாதத்துக்கு ஒருநாள் யாராவது இருந்தால் போதும்; ஐந்து நாளை நான்காகக் குறைத்து மிச்சப்படும் காசை அதற்குச் செலவிடலாம். நானும் நிந்தவூர்ச் சகோதரரும் வாவி மீனவரும் முன்பள்ளி ஆசிரியையும் இப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்கிறோம். முன்பள்ளி ஆசிரியை ஆங்கிலம் வாசிப்பார், சகோதரருக்கு எக்செல் வரும், மீனவ ஐயாவுக்கு யாருடைய வாக்கியம் மிகையாக இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பயிற்சிக்குப் பிறகு எங்கள் சங்கம் ஊரில் லோன் புத்தகங்களைச் சேர்த்து, முகப்பைக் காகிதத்தால் மறைத்துப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே சூத்திரத்தால் கணக்குப் போட்டது. கிடைத்த எண்களை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எங்கே காட்டலாம் என்று பெண்கள் தீர்மானித்தார்களோ அங்கே மட்டும் காட்டினோம். “முக்கால்வாசி” என்ற சொல் கடிதத்தில் இல்லை. எத்தனை புத்தகங்களைப் பார்த்தோம், எத்தனையைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்பதை இரண்டாவது பந்தியில் எழுதினோம். கடிதத்தைக் கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை ஒரு பெண் வந்து, தன் கணவருக்கு விருப்பமில்லை, தன் புத்தகத்தைச் சேர்க்க வேண்டாம் என்றார். காரணம் அவராகச் சொன்னதே, நாங்கள் கேட்கவில்லை. படத்தை அவர் முன்னிலையிலேயே அழித்தோம், மொத்தத்தில் ஒன்றைக் குறைத்து, சராசரியைத் திரும்பக் கணக்கிட்டு, சந்தியிலுள்ள கடையில் கடிதத்தை மீண்டும் அச்செடுத்தோம். சராசரி அரை வீதம் குறைந்திருந்தது. அந்த எண்ணோடுதான் மறுநாள் போனோம்.